ஒரு மாதமும் ஒரு வாழ்நாளும்

காலி வீதியை அண்டித் தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நமக்கு, வெளிநாட்டிலிருந்து வருவோர் புதியவரல்லர். ஆடி, ஆவணி மாதங்களில் சுவிற்சர்லாந்திலிருந்தும் ஒல்லாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் நம் உறவினர் வந்திறங்குவர். அவர்களுடைய பிள்ளைகள் தமிழைத் தடுமாறிப் பேசுவர். ஆயினும் தாம் யாருடைய பிள்ளைகள், எந்த ஊரின் வேர்கள் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை.

அதே விமானங்களில் வேறொரு கூட்டத்தினரும் வருகின்றனர். நிறத்திலும் முகத்திலும் நம் நாட்டவர். பேச்சிலும் பழக்கத்திலும் ஐரோப்பியர். அவர்கள் கையிலே பழைய பிறப்புச் சான்றிதழ் ஒன்றின் பிரதி இருக்கும். அதிலே ஒரு தாயின் பெயர் இருக்கும். ஓர் ஊரின் பெயர் இருக்கும். அவ்வூரைத் தேடிச் சென்று விசாரிக்கும்போது, அப்படியொரு பெண் இங்கு இருந்ததேயில்லை என்ற விடை பலருக்குக் கிடைத்திருக்கிறது. வேறு சிலருக்கு அப்பெயருடைய பெண் கிடைக்கிறாள். ஆனால் அவள் அப்பிள்ளையைப் பெற்றவளல்லள்.

1970களிலும் 1980களிலும் கைக்குழந்தைகளாக இந்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் இவர்கள். இவர்களிற் பலருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்பதை இன்று அரசாங்கங்களே ஒப்புக்கொள்கின்றன. ஆயினும் அவர்களுள் ஒருவர் நீதிமன்றத்தின் வாசலை அடைந்தபோது அவர்முன் நின்ற முதற் கேள்வி, “உனக்கு என்ன நடந்தது?” என்பதன்று; “ஏன் இவ்வளவு பிந்தி வந்தாய்?” என்பதே. அக்கேள்வியின் வரலாற்றையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம். அது கடல் கடந்து போனவர்களின் கேள்வி மாத்திரமன்று. சிறுவர் இல்லத்தில் வளரும் பிள்ளைக்கும், பிறர் வீட்டில் வளர்க்கப்படும் பிள்ளைக்கும், அப்பிள்ளைகளைப் பெற்ற தாய்மாருக்கும் உரிய கேள்வி அது.

*

வழக்கிடும் உரிமைக்குக் காலவரை வகுப்பது இந்நாட்டிலே புதிய வழக்கமன்று. கரையோர மாகாணங்களை 1658 முதல் 1796 வரை ஆண்ட ஒல்லாந்தர் தம்முடன் கொணர்ந்த உரோம-ஒல்லாந்தச் சட்டம், நிலவுரிமை பற்றிய பிணக்குக்கு நூற்றாண்டின் மூன்றிலொரு பங்கைக் காலவரையாகக் கொண்டிருந்தது. பிரித்தானியர் அதனைக் குறுக்கினர். 1822ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க ஒழுங்குவிதி, 1834ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆகியவற்றின் வழியாக வளர்ந்த இச்சட்டம், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக நிலைபெற்றது. பிறனுடைய காணியை எதிருரிமையுடன் பத்தாண்டுகள் இடையறாது ஆண்டவன் அதற்கு உரித்தாளியாகலாம். இழப்பு, ஊறு, சேதம் ஆகியவற்றுக்கு நட்டஈடு கோருபவன் இரண்டாண்டுகளுக்குள் வழக்கிடல் வேண்டும் என்று அது விதித்தது.

தோட்டப் பயிர்ச்செய்கை பரவி, காணி விலைப்பொருளாகிவிட்ட காலம் அது. வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் உறுதி வேண்டியிருந்தது. பாட்டன் காலத்துப் பிணக்கைப் பேரன் கிளறுவதை வணிகம் விரும்புவதில்லை. காலவரைச் சட்டத்தின் வளர்ச்சியிலே இத்தேவைக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆயினும் அச்சட்டத்தின் 13ஆம் பிரிவிலே நம் கவனத்தை ஈர்க்கும் ஏற்பாடொன்று உளது. காணிக்கு உரியவன் சிறுபராயத்தவனாயிருப்பின், அவனுக்கு எதிராகக் காலம் ஓடத் தொடங்குவதில்லை. சிறுவனுக்கு வழக்கிடத் தெரியாது. அவன் சார்பில் பேசவேண்டியவனே அவனுடைய காணியை விழுங்குபவனாகவும் இருக்கலாம். ஆதலால் அவன் வளர்ந்து ஆளாகும்வரை கடிகாரம் நிற்கட்டும் என்பதே இதன் பொருள். குழந்தையால் உரிய காலத்தில் முறையிட இயலாது என்ற உண்மையைச் சட்டம் அறியாதிருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அது அறிந்திருந்தது. அறிந்தது காணியின் பொருட்டு.

ஒல்லாந்தர் காலத்திலும் இதுவே நிலை. கொழும்பிலே கொம்பனியார் அநாதைப் பிள்ளைகளுக்கென ஒரு மன்றத்தை நடத்தினர். தந்தை இறந்தபின் பிள்ளைக்குச் சேரவேண்டிய சொத்தைக் கணக்கெழுதிக் காப்பது அதன் தலையாய கடமை. சொத்துள்ள அநாதைக்குக் கணக்கேடு இருந்தது. சொத்தில்லாத அநாதையின் உடலுக்கும் உள்ளத்துக்கும் பெயருக்கும் அத்தகைய ஏடு எதுவும் இருந்ததில்லை.

*

குழந்தையின் உடைமையை விட்டுக் குழந்தையையே நோக்கிய சட்டங்கள், 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த பின்னரே தோன்றின. அரசாங்க சபைக் காலத்தில், 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் வந்தது. 1941இலே அநாதை இல்லங்களைப் பதிவதற்கும் மேற்பார்வை செய்வதற்குமான 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பிள்ளைகளை மகவேற்றல் பற்றிய 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் தொடர்ந்தன. 1956இலே நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது. வாக்குரிமை ஏழையின் குடிசைவரை சென்றதனாலேயே ஏழையின் குழந்தையும் அரசின் கண்ணிற் பட்டது என்று கூறின் மிகையாகாது.

எனினும் இச்சட்டங்களில் ஒரு குறை ஆழப் பதிந்திருந்தது. பிள்ளையைப் பொறுப்பேற்கும் வழி அவற்றிலே விரிவாக எழுதப்பட்டிருந்தது. பொறுப்பேற்றவர் தவறினால் அப்பிள்ளை யாரிடம் முறையிடுவது, எத்தனை ஆண்டுகள் சென்றபின்னும் முறையிடலாம் என்பது எழுதப்படவில்லை. பாதுகாவலன் நல்லவனாகவே இருப்பான் என்பது அக்கால நம்பிக்கை. 1970களில் அந்நம்பிக்கை சந்தைக்கு வந்தது.

மகவேற்பு என்பது நீதிமன்றக் கட்டளையின்றி நடைபெற இயலாத காரியம். தாயின் சம்மதம் வேண்டும். விசாரணை அறிக்கை வேண்டும். நீதிபதி திருப்தியடைய வேண்டும். ஐரோப்பாவிலே குழந்தை வேண்டுவோர் மிகுந்து, அங்கு குழந்தைகள் அரிதாகியபோது, இந்த ஒவ்வொரு படியிலும் இடைத்தரகர் வந்து நின்றனர். அந்நியத் தம்பதிகள் சில வாரம் இங்கு விடுதிகளில் தங்கி, நீதிமன்றக் கட்டளை பெற்று, குழந்தையுடன் திரும்பினர். தாய் சம்மதிக்காதவிடத்தும், தாயைக் காட்டவியலாதவிடத்தும், கூலிக்கு அமர்த்தப்பட்ட வேறொரு பெண் தாயென்று நீதிமன்றத்திலே நின்றாள். அவள் பெயரே குழந்தையின் பத்திரங்களில் ஏறிற்று. சில தாய்மாருக்குப் பிரசவத்தின் பின், குழந்தை இறந்துவிட்டதென்று சொல்லப்பட்டது.

1987இலே, விடுதி என்ற பெயரில் இயங்கிய ஓர் இடத்தைப் பொலிசார் சோதனையிட்டபோது 20 சிசுக்களும் 22 பெண்களும் அங்கு அடைபட்டிருக்கக் காணப்பட்டதாகச் செய்தி வெளியாயிற்று. அவ்வாண்டே வெளிநாட்டு மகவேற்பு தற்காலிகமாகத் தடுக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் விதிகளை இறுக்கிற்று. 1995 தை மாதம், நாடுகளுக்கிடையிலான மகவேற்புப் பற்றிய ஹேக் சமவாயத்தை ஏற்ற முதல் மூன்று நாடுகளில் ஒன்றாக இலங்கை அமைந்தது. ஆயின் அதற்கு முன்னரே ஒல்லாந்துக்கு மாத்திரம் மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் சென்றுவிட்டனர். அக்காலத்தில் சுமார் பதினோராயிரம் குழந்தைகள் ஐரோப்பியக் குடும்பங்களுக்கு விற்கப்பட்டிருக்கலாம் என்பது, 2017இலே இவ்விடயம் ஒல்லாந்தத் தொலைக்காட்சியில் வெளிவந்தபோது கூறப்பட்ட மதிப்பீடு. அப்போது சுகாதார அமைச்சராயிருந்த ராஜித சேனாரத்ன குழந்தைப் பண்ணைகள் இருந்ததை ஏற்று, தாயையும் பிள்ளையையும் இணைக்க மரபணு வங்கியொன்று அமைப்பதாக வாக்களித்தார்.

இத்தாய்மார் யாவர் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். அவர்கள் வறியவர்கள், மணமாகாது கருவுற்றுச் சமூகத்துக்கு அஞ்சியவர்கள், வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போய்த் திரும்பியவர்கள், மலையகத் தோட்டப் பெண்களும் அவர்களிடையே இருந்தனர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலே பஞ்சம் நிலவி, பட்டினியால் உயிர்கள் மாய்ந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை பல்லாயிரவர் அந்நிலையிலேயே இருந்தனர். தான் எந்த நாட்டின் குடி என்று நிறுவ இயலாத பெண், தன் பிள்ளை எங்கே என்று எந்தக் கச்சேரியில் கேட்பாள்? அவளுடைய முறைப்பாட்டுக்கான காலம், அவள் முறையிட வல்லவளாகும் முன்பே முடிந்துவிட்டது.

*

இனி ஹேக் நகருக்குச் செல்வோம். 1992இலே இலங்கையிற் பிறந்து, சிசுவாகவே ஒல்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு பெண், வளர்ந்து தன் தாயைத் தேடினார். பத்திரங்கள் வழிகாட்டவில்லை. மகவேற்பை ஏற்பாடு செய்த நிறுவனத்தின்மீதும், அதனை மேற்பார்வை செய்ய வேண்டிய ஒல்லாந்து அரசின்மீதும் அவர் வழக்கிட்டார். 2020 செப்டெம்பரில் ஹேக் மாவட்ட நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிற்று. காலம் கடந்துவிட்டது என்பதே காரணம்.

இதன் பொருளை ஆறுதலாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். தவறு நிகழ்ந்தபோது வாதியின் வயது சில வாரங்கள். தவறு நிகழ்ந்த நாளிலிருந்து காலத்தை எண்ணினால், அவர் தொட்டிலிற் கிடந்தபோதே அவருக்கு எதிராகக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. அவர் பேசக் கற்றபோதும், பள்ளிக்குச் சென்றபோதும் அது ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் தமக்கு உரிய கேள்வியைக் கண்டுபிடித்தபோது அது நின்றுவிட்டது. பொய்ப் பத்திரம் எவ்வளவு திறமையாகத் தயாரிக்கப்பட்டதோ, அவ்வளவு காலம் உண்மை மறைந்திருக்கும். எவ்வளவு காலம் மறைந்திருந்ததோ, அவ்வளவுக்குப் பொய் செய்தவன் பாதுகாப்படைவான். காலவரைச் சட்டம் இவ்விடத்தில் ஏமாற்றுக்கு வெகுமதி வழங்கும் கருவியாகிவிடுகிறது.

1967 முதல் 1998 வரையிலான மகவேற்புகளை ஆராய ஒல்லாந்து அரசு நியமித்த யூஸ்ட்ரா குழு 2021 பெப்ரவரியில் அறிக்கை அளித்தது. இலங்கை, இந்தோனேசியா, பங்களாதேஷ், கொலம்பியா, பிரேசில் ஆகிய ஐந்து நாடுகளை அது ஆராய்ந்தது. பத்திர மோசடி, குழந்தை வணிகம், தாய்மாரை வற்புறுத்தல் ஆகியன நிகழ்ந்தன என்றும், அதிகாரிகள் நெடுங்காலமாகவே அவற்றை அறிந்திருந்தும் தக்கவாறு தலையிடவில்லை என்றும் அக்குழு கண்டது. அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். மறு ஆண்டு, 2022 யூலையில், ஹேக் மேன்முறையீட்டு நீதிமன்றம் முன்னைய தீர்ப்பை மாற்றியது. காலம் கடந்ததென்ற வாதம் அப்பெண்ணின் வழியை அடைக்க அது இடமளிக்கவில்லை. அரசும் நிறுவனமும் சட்டத்துக்கு மாறாக நடந்தன என்றும் கூறிற்று. வழக்கு அதன்பின் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை நீண்டது. பொறுப்பு எவருக்கு எவ்வளவு என்ற சட்ட நுணுக்கத்துக்குள் நாம் இங்கு புகவில்லை. ஒரே வழக்கில், ஒரே உண்மைகளின்மீது, காலம் பற்றிய கேள்விக்கு இரு நீதிமன்றங்கள் நேர்மாறான விடை தந்தன என்பதையே சுட்டுகின்றோம். காலவரை இயற்கையின் விதியன்று. மனிதர் வகுத்தது, மனிதர் மாற்றக்கூடியது.

சுவிற்சர்லாந்திலும் இவ்வாறே. 1973 முதல் 1997 வரை இலங்கையிலிருந்து நடந்த மகவேற்புகளைப் பற்றிய ஆய்வு 2020இலே வெளிவந்தது. 1980களின் தொடக்கத்திலேயே எச்சரிக்கைகள் கிடைத்திருந்தும் அதிகாரிகள் வாளாவிருந்தனர் என்பது அதனால் தெரியவந்தது. அந்நாட்டரசு வருத்தம் தெரிவித்தது. அரசுகள் வருந்துவதற்கு நாற்பது ஆண்டுகள் எடுத்தன. அவற்றை எவரும் “ஏன் பிந்தினீர்?” என்று கேட்டு வாசலில் நிறுத்தவில்லை.

*

ஒல்லாந்தரைக் குறைகூறிவிட்டு நாம் அமைதி கொள்ளல் தகாது. நம் வீட்டுச் சட்டத்தையும் நோக்குவோம்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச்செய்தல் வேண்டும். ஒரு மாதம்! அதுவும் கொழும்புப் புதுக்கடையிலுள்ள நீதிமன்றத்துக்கு. தெஹிவளையில் உள்ளவர் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி நடந்துவிடலாம். மஸ்கெலியாவிலோ மட்டக்களப்பிலோ ஒரு சிறுவர் இல்லத்தின் மதிலுக்குள் இருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளை எவ்வாறு வருவது? 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இது சிறு ஆறுதல். ஆனால் அங்கும் முதல் ஒரு மாதம் கதவருகே நிற்கிறது. தவறு மனுதாரருடையதன்று எனக் காணுமிடத்து, பிந்திய மனுவை ஏற்கும் தற்றுணிபு தனக்குண்டு என உயர் நீதிமன்றம் 1985இலே எதிரிசூரிய எதிர் நவரத்தினம் வழக்கிற் கூறியிருக்கிறது. அது நீதிபதியின் கருணையில் தங்கியுள்ளது. பிள்ளையின் உரிமையில் அன்று. மேலும், இவ்வழி அரச நிருவாகத்தின் செயல்களுக்கு எதிராகவே திறக்கும். தனியார் நடத்தும் இல்லத்தின் கதவை அது எளிதில் தட்டுவதில்லை.

உரிய காலத்திற் பேசுவதற்கு ஆளுள்ள பிள்ளைக்கு நீதி கிடைக்கக்கூடும் என்பதற்கும் சான்றுண்டு. பாடசாலையொன்றில் ஆசிரியர் அறைந்ததனாற் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் சார்பில் 2017இலே வழக்கிடப்பட்டது. 2021 பெப்ரவரியில் நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய தீர்ப்பு, அது கொடூரமானதும் இழிவானதுமான நடத்தை எனக் கண்டு, நட்டஈடு வழங்கப் பணித்தது. பெருமைப்படத்தக்க தீர்ப்பு அது. ஆனால் அம்மாணவனுக்குப் பின்னால் அவனுக்காக அலைய ஆட்கள் இருந்தனர். பெற்றோரற்ற பிள்ளைக்காக அலைய வேண்டியவர், அப்பிள்ளை முறையிட வேண்டியவராகவே இருப்பின் என் செய்வது?

குற்றவியற் சட்டத்தின் நிலை இன்னொன்று. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், தன் 456ஆம் பிரிவிலே, கொலைக்கும் இராசத்துரோகத்துக்கும் காலவரையில்லை என்றும், சிறப்பு ஏற்பாடு உள்ளவை தவிர்ந்த ஏனைய குற்றங்களுக்கு இருபது ஆண்டுகளே எல்லை என்றும் விதித்தது. அவுஸ்திரேலியாவிலே, நிறுவனங்களில் சிறுவருக்கு இழைக்கப்பட்ட பாலியற் கொடுமைகளை 2013 முதல் 2017 வரை ஆராய்ந்த அரச ஆணைக்குழு, பாதிக்கப்பட்டோர் அதனை முதன்முதலாக வெளியிடுவதற்குச் சராசரி 23.9 ஆண்டுகள் எடுத்தனர் எனக் கண்டது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். பத்து வயதிற் கொடுமைக்குள்ளான பிள்ளை முப்பத்து நான்காம் வயதளவில் வாய் திறக்கிறது. இருபது ஆண்டு எல்லையோ முப்பதாம் வயதில் முடிந்துவிடுகிறது. அரசுக்குச் செய்த துரோகத்தைச் சட்டம் என்றும் மறப்பதில்லை. குழந்தைக்குச் செய்த துரோகத்தை அது ஏன் மறக்கவேண்டும்?

பிள்ளைகள் பிந்திப் பேசுவது அவர்களின் பிழையன்று. நடந்ததைக் குறிக்கும் சொல்லே சிறுபிள்ளையிடம் இருப்பதில்லை. உணவும் உறைவிடமும் தருபவரையே குற்றஞ்சாட்டினால் நாளை எங்கு உறங்குவது என்ற அச்சம் உண்டு. சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்பதை முதல் முயற்சியிலேயே கற்றுக்கொண்டவர் பலர். வெட்கம் தம்முடையது என்று நினைக்கும்படி அவர்கள் வளர்க்கப்படுகின்றனர். பெரும்பாலும் தாமே ஒரு குழந்தைக்குத் தாயோ தந்தையோ ஆகும்போதுதான், தமக்கு நடந்தது எத்தகையது என்பது அவர்களுக்கு முழுமையாக விளங்குகிறது.

*

காலவரைக்குச் சார்பாகவும் நியாயமுண்டு. அதனை மறைத்து வாதிடுவது நேர்மையாகாது. காலம் செல்லச் செல்லச் சாட்சிகள் இறப்பர், நினைவு மங்கும், பத்திரங்கள் அழியும். குற்றஞ்சாட்டப்பட்டவர் நிரபராதியாயின், நாற்பது ஆண்டுகளின்பின் எதைக்கொண்டு தம்மைக் காப்பார்? இவ்வச்சம் போலியன்று.

ஆயினும் இவ்வாதத்தின் உள்ளே ஒரு கேள்வி உண்டு. பத்திரங்கள் எவர் கையில் இருந்தன? பிள்ளையின் கையில் அல்ல. திணைக்களத்தின், இல்லத்தின், நீதிமன்றத்தின் கையில். அவற்றைப் பேணாது விட்டவரே, பத்திரமில்லை ஆதலால் விசாரிக்க இயலாது என்பது, விளக்கை அணைத்தவனே இருட்டைக் காரணம் காட்டுவது போலாகும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், புதிய பதிவேடுகளைக் குறைந்தது பன்னிரண்டு ஆண்டுகள் பேணவேண்டும் என்கிறது. பொதுவான கோவைகளுக்கு அது போதுமாயிருக்கலாம். இரண்டு வயதில் இல்லத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளையின் கோவை, அப்பிள்ளைக்குப் பதினான்கு வயதாகும்போது அழிக்கப்பட அச்சட்டம் தடையன்று. மேலும், அச்சட்டம் தகவல் கேட்கும் உரிமையைப் பிரசைகளுக்கே வழங்கிற்று. குழந்தையாக அனுப்பப்பட்டு வேறு நாட்டின் பிரசையாகிவிட்டவர், தம் பிறப்பைப் பற்றிய தகவலை அச்சட்டத்தின்கீழ்க் கேட்க இயலாதவராகிறார். அவரை அந்நியராக்கியது நாம். அந்நியர் என்பதால் விடை மறுப்பதும் நாம்.

பிற நாடுகள் இச்சிக்கலுக்குக் கண்ட வழிகள் உள. இங்கிலாந்திலே 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின்கீழ் அமைந்த 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், சிறுவர் பராமரிப்புச் சேவை பற்றிய முறைப்பாட்டுக்கு ஓராண்டு எல்லை வகுத்தன. ஆயினும் அவர் முன்னரே முறையிட்டிருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமன்று எனின், இப்போதும் முறைப்பாட்டைச் செம்மையாகவும் நேர்மையாகவும் ஆராய முடியும் எனின், காலங்கடந்ததையும் ஏற்கலாம் என்றன. ஸ்கொட்லாந்து 2017இலே, சிறுபராயத்தில் இழைக்கப்பட்ட கொடுமைக்கு நட்டஈடு கோரும் வழக்குகளுக்கான மூன்றாண்டு எல்லையை நீக்கிற்று. இந்தியாவிலே, சிறுவயதிற் பாலியற் கொடுமைக்கு உள்ளானவர் எவ்வயதிலும் போக்சோ சட்டத்தின்கீழ் முறையிடலாம் என்பதை மத்திய சட்ட அமைச்சு 2018இலே தெளிவுபடுத்திற்று. இவ்விடங்களில் நீதிமன்றங்கள் இடிந்து விழவில்லை. சான்று போதாத முறைப்பாடு, சான்று போதாமையினால் தோற்கும். அதற்கு நாட்காட்டியின் துணை வேண்டியதில்லை.

*

இவ்வளவும் அரசுகளையும் திணைக்களங்களையும் பற்றிச் சொன்னோம். நம் சமையலறைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடுத்தர வர்க்கத்து வீடுகளிலே மலையகத்துப் பிள்ளைகள் வேலைக்கு வைக்கப்பட்ட வழக்கத்தை நாம் அறிவோம். “வேலைக்கு வைத்திருக்கிறோம்” என்று எவரும் சொல்வதில்லை. “பிள்ளை மாதிரி வளர்க்கிறோம்” என்பதே சொல்வழக்கு. ‘வளர்ப்பு’ என்ற இனிய சொல்லின் மறைவிலே பதிவேடில்லாத, மேற்பார்வையில்லாத, முறைப்பாட்டுக்கு வழியில்லாத ஒரு பராமரிப்பு முறை நடந்து வந்தது. 2009இலே மஸ்கெலியாப் பகுதியிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த இரு சிறுமியர் கால்வாயொன்றில் பிணங்களாகக் கிடந்தனர். 2021 யூலையில் டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி, தான் வேலைசெய்த கொழும்பு வீட்டிலே தீக்காயமுற்று மருத்துவமனையில் இறந்தாள். நாடு அப்போது பேசிற்று. இறந்த பிள்ளைக்காகவே நாம் பேசுகின்றோம். இறவாது வளர்ந்து, முப்பது வயதில், நாற்பது வயதில், தோட்டத்து லயத்தில் இருந்துகொண்டு அந்த வீட்டை நினைக்கும் பெண் பேச வந்தால், அவளுக்குச் சட்டத்தில் என்ன இடம் உண்டு? அவளுடைய நாட்கூலிக் கணக்கிலே ஒரு மாதத்துக்கும் இரண்டு ஆண்டுக்கும் ஏது இடம்?

ஆதலால் நாம் வேண்டுவன சில. பராமரிப்பில் இருந்த பிள்ளைக்கு எதிராகக் காலம், அப்பிள்ளை ஆளாகி, தனக்கு நடந்ததை அறியும் நாள்வரை ஓடலாகாது. 1871இலே காணிக்குக் கொடுத்த சலுகையைப் பிள்ளைக்கும் கொடுங்கள் என்பதைவிட எளிய கோரிக்கை வேறில்லை. பராமரிப்புப் பதிவேடுகள் அப்பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் பேணப்படல் வேண்டும். எந்த நாட்டின் பிரசையாயினும் அவற்றைக் காணும் உரிமை அவருக்கு வேண்டும். உண்மையை மறைத்த நிறுவனம், மறைத்த காலத்தைத் தனக்கு அரணாகக் கொள்ளலாகாது. தாய்மாரின் முறைப்பாட்டையும் அதே அளவையால் அளத்தல் வேண்டும்; வாக்களிக்கப்பட்ட மரபணு வங்கி, உயிரோடிருக்கும் தாய்மார் உயிரோடிருக்கும்போதே பயன்தர வேண்டும்.

இவை சட்டமியற்றுவோர் செய்ய வேண்டியவை. ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் இதனை வாசிக்கும் நாம் நாளைக் காலையே செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் வரவுப் பதிவேடு இருக்கிறது. ஒரு பிள்ளை சில வாரம் வராதுவிட்டால் அதன் பெயர் வெட்டப்படுகிறது; “கொழும்புக்குப் போய்விட்டது” என்றோ “இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள்” என்றோ வகுப்பிலுள்ள பிள்ளைகள் சொல்வார்கள். அப்பெயரை வெட்டும் முன், எந்த வீட்டுக்கு, எவருடைய சொல்லின்பேரில், எந்த நாளில் போயிற்று என்பதைத் திகதியிட்டு எழுதிவைப்போம்; தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929ஆம் இலக்கத்துக்கு அறிவிப்போம். பிள்ளை தன் கதையைச் சொல்ல இருபது ஆண்டுகள் ஆகலாம். அன்று அது சொல்லும்போது, “ஆம், அது உண்மை” என்று சாட்சி சொல்ல ஒரு ஏட்டிலே ஒரு வரியாவது இருக்கட்டும்.